ஞானமேரி அண்ணிக்கு அடிக்காத மணி

எங்கள் ஊரில் யார் செத்தாலும் கோயில் மணி அடிக்கும். குடித்துக் குடித்துக் குடல் வெந்து செத்தவனுக்கு அடித்திருக்கிறார்கள். கட்டினவளைத் துரத்திவிட்டு இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்தியவனுக்கு அடித்திருக்கிறார்கள். கிறிஸ்துமஸ் அன்றைக்கு மட்டும் புதுச்சட்டை காட்டுவதற்காகக் கோயிலுக்கு வந்தவனுக்கும் அடித்தார்கள். என் அண்ணி ஞானமேரிக்கு அடிக்கவில்லை. ஒவ்வொரு நாளும் முதல் மணிக்கே எழுந்து, முக்காடு போட்டுக்கொண்டு, கதவு திறப்பதற்கு முன்னால் போய் வாசலில் நின்றவள். அவளுக்கு அடிக்கவில்லை.

கேட்டால், அவள் திண்டிவனத்தில் போய் ரெண்டாவது ஞானஸ்நானம் வாங்கிவிட்டாளாம். வேற சபைக்குப் போய்விட்டாளாம். அதனால் எங்கள் கல்லறையில் இடம் கிடையாதாம்.

ஞானமேரி எனக்கு அண்ணியாவதற்கு முன்னாலேயே மாமன் மகள். என் அம்மாவின் கூடப்பிறந்த அண்ணன் திண்டிவனம் பக்கம் பெண் கட்டி அங்கேயே தங்கிவிட்டவர். அவருக்கு இவள் மூன்றாவது பெண். என்னைவிடக் கொஞ்சம் மூப்பு, அவ்வளவுதான். ஊருக்கு முன்னால் அண்ணி என்று கூப்பிட்டாலும் எங்களுக்குள் வா போதான். என் அண்ணன் சவுரிராயனுக்கு அவளைக் கட்டிக் கோலியனூர் பக்கம் எங்கள் ஊருக்குக் கொண்டுவந்தார்கள். அண்ணனுக்கு அப்போது விழுப்புரத்தில் அரிசி மில்லில் நெல் அவிக்கிற வேலை. பேச்சே வராது அவருக்கு. மில்லு சத்தத்துல வாயைத் தொலைச்சிட்டு வந்திருக்காரு என்று அண்ணி சொல்வாள். ரெண்டு பேருக்கும் சேர்த்து அவளே பேசிக்கொண்டாள்.

பக்தி என்றதும் சாந்தமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துவிடாதீர்கள். மாதாவோடு தினமும் வாய்த்தகராறு. மல்லாட்டை, அதுதான் வேர்க்கடலை, பிடுங்குகிற காலத்தில் நாள் பூராவும் குனிந்து ஆய்ந்துவிட்டு வந்து, கை கழுவக்கூடப் பொறுமை இல்லாமல் செபமாலையை எடுப்பாள். மணிகளில் எல்லாம் செம்மண் அப்பிக்கொண்டிருக்கும். செபத்தில் பிள்ளைகள் தூங்கி விழுந்தால் மூஞ்சியில் தண்ணீர் அடிப்பாள். செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு மெழுகுவத்தி. கேட்டது கிடைக்காமல் போனால் அவர் படத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிடுவாள். "பாத்துக்கினுதானே இருந்தே, இனிமே செவுத்தைப் பாரு" என்பாள். மழை பெய்ததும் படத்தைத் திருப்பி, முந்தானையால் தூசி தட்டி, சமாதானம் ஆகிவிடுவாள். ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் முழுக்க அவளுக்குக் கேப்பைக் கூழ்தான். அந்த நாற்பது நாளும் அவள் வாயில் யாரும் மாட்டக்கூடாது. பசியில் எல்லாரையும் திட்டித் தீர்ப்பாள்.

முதல் பிள்ளை வளன். பிறந்து சில வாரம் இருக்கும், வலிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் பேய் மழை. சாலையில் முழங்கால் தண்ணீர், விழுப்புரத்துக்கு எப்படிப் போவது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானத்துக்குச் சாமியாரிடம் சொல்லி வைத்திருந்தோம். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: எங்களில் கைக்குழந்தையிலேயே தலையில் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். உயிர் போகிற ஆபத்து என்றால் சாமியார் வரவேண்டும் என்று இல்லை, யார் வேண்டுமானாலும் ஊற்றலாம். அண்ணி பிள்ளையை என் கையில் கொடுத்தாள். சொம்பில் தண்ணீர் மொண்டாள். "வளன், பிதா சுதன் பரிசுத்த ஆவியின் பேராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்லி ஊற்றினாள். குரல் நடுங்கவே இல்லை. என் மடியெல்லாம் நனைந்தது. மழை விடுவதற்குள் பிள்ளை போய்விட்டான்.

அப்போதிருந்த சாமியார் கல்லறைக் கேட்டு அருகில் அவளை நிறுத்தி, என்ன சொல்லி ஊற்றினாய் என்று கேட்டார். சொன்னாள். எந்தத் தண்ணீர் என்று கேட்டார். கெணத்துத் தண்ணி சாமி என்றாள். போதும், அது ஒரு தடவைதான், இனி யாராலும் அதை அழிக்க முடியாது என்று சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். தெற்குச் சுவர் ஓரத்தில், வேப்பமரத்துப் பக்கம் புதைத்தோம்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே ஆசைதான், ஊரில் எல்லாருக்கும் தெரியும். என்னை வளன் பக்கத்தில் போட்டுவிடுங்கள். கல்லறைத் திருநாளுக்கு முந்தின நாள் வளன் குழிக்கு வெள்ளையடிப்பாள். பக்கத்தில் இருக்கிற காலி இடத்திலும் புல்லைச் செதுக்கிச் சுத்தம் பண்ணுவாள். பிறகு அந்தக் காலி இடத்தின் மேலேயே உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். இது என் ஊடு, வாடகை கெடையாது என்பாள்.

வளனுக்குப் பிறகு ஸ்டீபன்ராஜ், அப்புறம் ரோஸ்லின். ரோஸ்லினை விழுப்புரத்திலேயே கொடுத்தாள். ஸ்டீபன் திண்டிவனத்தில் செல்போன் கடை போட்டு, நஷ்டப்பட்டு, குடியில் விழுந்தான். அப்போது ஒரு ஜெபவீட்டு ஆட்கள் அவனைத் தூக்கி நிறுத்தினார்கள். குடியை விட்டான். அந்த உபகாரத்தை நான் மறுக்கமாட்டேன். அப்புறம் அவனே ஊழியக்காரன் ஆனான். தகரக் கொட்டகை போட்டுச் சபை நடத்துகிறான். அவன் அங்கே போனதற்காக நான் ஆத்திரப்படவில்லை. கும்பிடுகிற இடம் அவனவன் மனசு.

ஆனால் அவன் சபையில் நாலு பெரிய மனுஷர்கள் இருக்கிறார்களே, அவர்கள் கிளப்பினார்கள். பாஸ்டர் நமக்குப் பிரசங்கம் பண்ணுகிறார், அவரைப் பெற்ற தாய் இன்னும் சிலைக்கு மெழுகுவத்தி கொளுத்திக்கொண்டு இருக்கிறாள், சொந்த வீட்டைத் திருத்தாதவர் நம்மைத் திருத்துவாரா என்று. வேற ஆளைப் பார்ப்போமா என்கிற வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஸ்டீபன் பெண்டாட்டிக்கு ஆபரேஷன். சமைத்துப் போட அண்ணி திண்டிவனம் போய்க் கொஞ்ச நாள் தங்கினாள். அங்கே ஏரியில் அவன் மகள் மெர்லினுக்கு முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அதே தண்ணீரில் அடுத்ததாக அண்ணியையும் இறக்கி, ஸ்டீபனே தலையைப் பிடித்து முக்கி எடுத்தான். எவனோ அதைச் செல்போனில் பிடித்திருக்கிறான். அவள் ஊருக்கு பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே படம் எங்கள் ஊருக்கு வந்துவிட்டது. வெள்ளைப் புடவை நனைந்து, முடியெல்லாம் முகத்தில் ஒட்டி, எழுந்து நிற்கிறாள். கரையில் கைதட்டுகிறார்கள்.

ஊர் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே. தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் செபமாலை துவக்கிச் சொல்வது எப்போதும் அவள்தான். அதை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். ஒருத்தரும் முகத்துக்கு நேராகக் கேட்கவில்லை, அதுதான் இன்னும் அசிங்கம். அவள் நின்றுவிட்டாளா? தினமும் போனாள். கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பூசையில் சாமியார் கொடுக்கிற அப்பத்தை, நன்மை என்போம், அதை வாங்க மட்டும் எழுந்து போகமாட்டாள்.

நான் கேட்டேன். ஏன் அண்ணி போய் முங்கினே என்று நேராகவே கேட்டேன்.

"வெயிலு கொளுத்திச்சி, தண்ணி ஜில்லுன்னு இருந்துச்சி, முங்கினேன். நீயும் வேணா வா, ஒரு நாளைக்குக் கூட்டிக்கினு போறேன்" என்றாள். சிரித்தாள். என் அண்ணனிடமும் அதற்கு மேல் சொல்லவில்லை. வாயே வாழ்க்கையாக இருந்தவள் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாயைக் கட்டிக்கொண்டாள். அவள்மேலும் எனக்கு ஆத்திரம்தான். செத்துவிட்டாள் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

போன ஆடி மாசம், காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து, சோறு வடித்துவிட்டு, நெஞ்சு அடைக்கிறது என்று உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் முடிந்துபோச்சு.

நானும் ரோஸ்லினும் குளிப்பாட்டினோம். புதுப் புடவை கட்டி, கையைக் குவித்து, அந்தச் செம்மண் ஏறின செபமாலையைச் சுற்றினேன். ஐஸ் பெட்டியில் வைத்தோம். மணிச் சத்தத்துக்காகக் காது வைத்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. வந்தது இருதயராஜ்.

இருதயராஜ்தான் இப்போது பங்குப் பேரவைத் தலைவர். கோயில் சாவி அவனிடம். சாமியார் பாண்டிச்சேரிக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார், போன் எடுக்கவில்லை. இருதயராஜ் செருப்பைக்கூடக் கழற்றாமல் பந்தல் கால் ஓரம் நின்று, பெரியம்மாவுக்காக வருத்தப்படுகிறேன், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறது, அவர்கள் வேறே ஞானஸ்நானம் வாங்கினவர்கள், மகன் வருவான், அவன் இடத்துக்குக் கொண்டுபோகட்டும் என்றான்.

இவன் யார் தெரியுமா? இவனைப் பெற்றுவிட்டு இவன் அம்மா ஜன்னி கண்டு படுத்துக் கிடந்தபோது, இவனைத் துணியில் சுற்றிக் கோயிலுக்குத் தூக்கிப் போனவள் ஞானமேரி. ஞானத்தொட்டிக்கு மேலே இவனைப் பிடித்துக்கொண்டு நின்றவள் ஞானமேரி. இவனுக்கு ஞானத்தாய் அவள். நான் எழுந்து அவனிடம் கேட்டேன்.

"ஏண்டா, அவ ஞானஸ்நானம் அழிஞ்சிப்போச்சின்னா, அவ கையில நீ வாங்கினது மட்டும் நிக்குமா?"

"அது வேற, இது வேற, சின்னம்மா" என்றான். போனைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.  சாவி அவனிடம்தான் இருந்தது. பிணம் வைத்துத் தூக்குகிற தூம்பாவும் கோயில் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் திண்டிவனத்திலிருந்து ஒரு வேன் வந்தது. ஸ்டீபனும் பெண்டாட்டியும், மெர்லினும், சபைக்காரர்களும் இறங்கினார்கள். ஸ்டீபன் பெட்டிமேல் விழுந்து அழுதான். அது நிஜமான அழுகைதான். அழுது முடித்ததும் அம்மா கையில் செபமாலையைப் பார்த்தான். அவன் பின்னால் நின்ற பெரிய மனுஷர்களும் பார்த்தார்கள். "அத்தே, அதை மட்டும் எடுத்துடுங்க" என்றான். நான் நகரவில்லை. எடுக்கிறதானால் பெட்டியைத் திறந்து நீயே எடுடா என்றேன். அவன் கை வைக்கவில்லை.

அப்புறம் நடந்ததை என்ன சொல்ல. பெட்டிக்கு அந்தப் பக்கம் சபைக்காரர்கள் கஞ்சிரா தட்டிப் பாட்டு ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் எங்கள் பெண்கள், அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டு இருந்தவர்கள், வீம்புக்குச் செபமாலையை ஆரம்பித்தார்கள். அவர்கள் சத்தம் ஏற ஏற இவர்கள் சத்தமும் ஏறியது. நடுவில் அவள் படுத்திருக்கிறாள். உயிரோடு இருந்தால் ரெண்டு பக்கத்தையும் துடைப்பத்தால் அடித்திருப்பாள். இவர்கள் யாரும் அவளுக்காகக் கத்தவில்லை. எதிர்ப்பக்கம் அடங்க வேண்டும், அதற்காகக் கத்தினார்கள்.

ஸ்டீபன், அம்மாவைத் திண்டிவனத்துக்குக் கொண்டுபோகிறேன், சபைக்கென்று வாங்கின கல்லறை நிலம் இருக்கிறது, முதல் ஆளாக அம்மா என்றான். ரோஸ்லின் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வளன் பக்கத்தில் என்று அம்மா சொன்னது உனக்குத் தெரியாதா, நீயும்தானே கூட வந்து புல் செதுக்கினாய் என்று கேட்டாள். 

இருதயராஜ் அப்போது பெரிய தாராள மனசோடு ஒரு வழி சொன்னான். அந்த முழுக்கு வெறும் பேருக்குத்தான், அம்மா மனசு மாறி முங்கவில்லை என்று இங்கே எல்லார் முன்னாலேயும் ஸ்டீபன் ஒரு வார்த்தை சொல்லட்டும். இப்போதே மணி அடிக்கிறேன், தூம்பாவை எடுத்து வருகிறேன்.

பாட்டும் செபமும் ரெண்டும் நின்றுபோச்சு. எல்லாரும் ஸ்டீபனைப் பார்த்தோம். அவன் வேன் ஓரம் நின்ற பெரிய மனுஷர்களைப் பார்த்தான். ஒரு வார்த்தை. பெற்றவளை அவள் கேட்ட இடத்தில் வைக்க ஒரே ஒரு வார்த்தை.

"பொய் சொல்லமாட்டேன்" என்றான்.

அப்போதுதான் மெர்லின் எழுந்தாள். ஐஸ் பெட்டி ஓரத்திலேயே சுருண்டு உட்கார்ந்திருந்த பெண். இப்போது காலேஜ் முதல் வருஷம் படிக்கிறாள். அப்பனிடம் குரல் உயர்த்திப் பேசினதை நான் பார்த்ததே இல்லை.

"பொய்யாப்பா? தண்ணியில ஆயா கையை நான்தானே புடிச்சிக்கினு இருந்தேன். எறங்கறதுக்கு முந்தி என்கிட்ட என்ன சொன்னாங்க தெரியுமா? 'நான் இவனைக் குளிப்பாட்டித்தான் வளர்த்தேன். இன்னிக்கி இவன் என்னைக் குளிப்பாட்டட்டும், இவன் பொழப்பு நிக்கட்டும். மாதாவுக்கு என்னைத் தெரியும்'னு சொன்னாங்க. ஊர்ல போய் யார்கிட்டயும் சொல்லிடாதே, அப்பாவைச் சபையில வெச்சிருக்கமாட்டாங்கன்னும் சொன்னாங்க. நானும் சொல்லல. நீங்க முக்கும்போது அவங்க வாயில செபமாலையில சொல்ற அருள் நிறைந்த மரியேதான் இருந்துச்சி. அது உங்களுக்கும் கேட்டிருக்கும்."

ஸ்டீபன் இல்லை என்று சொல்லவில்லை. ஆமாம் என்றும் சொல்லவில்லை. கேட்டிருக்கிறது அவனுக்கு. ரெண்டு வருஷமாக அவனுக்குத் தெரியும். அவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தது, நன்மைக்குப் போகாமல் இருந்தது, ஊர் அவளை ஒதுக்கினது, எல்லாம் ரோஸ்லின் போனில் சொல்லி அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்திருக்கிறான்.

இருதயராஜ், சின்னப் பெண் சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது, பாஸ்டர் வாயால் வரவேண்டும் என்று ஆரம்பித்தான். பெண்களில் ஒருத்தி அவனை உட்காரச் சொன்னாள்.

இவ்வளவு நேரம் என் அண்ணன் சவுரிராயன் நாற்காலியில் அப்படியே இருந்தார். யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. ஐம்பது வருஷமாக யாரும் கேட்டதில்லை. அவர் எழுந்தார். துண்டைத் தலையில் கட்டினார். மாட்டுக் கொட்டகையில் சாத்தியிருந்த மம்முட்டியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். எங்கே போகிறார் என்று கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

நாங்கள் பின்னால் போனபோது வேப்பமரத்தடியில் வளன் குழிக்குப் பக்கத்தில் வெட்ட ஆரம்பித்திருந்தார். எண்பதை நெருங்குகிற உடம்பு. ஆடி மாசத்து மண் கல்லாகக் கிடந்தது. வெட்டுவார், மூச்சு வாங்குவார், மறுபடி வெட்டுவார். இருதயராஜ் ஓடிவந்து, பெரியப்பா பேரவை முடிவு இல்லாமல் வெட்டக்கூடாது என்றான். அண்ணன் நிமிர்ந்தார்.

"என் பிள்ளையை வெச்ச எடம். அவன் அம்மாளை வெக்கிறேன். உனக்கு ஆவாதுன்னா என்னையும் சேத்து இதுலயே தள்ளி மூடிட்டுப் போ."

அவர் வாழ்க்கையில் பேசின பெரிய பேச்சு அதுதான். கல்லறைக்கு எதிர்நிலத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பச்சைமுத்து, அவருக்கும் இந்தக் கோயிலுக்கும் சம்பந்தம் இல்லை, மாரியம்மனைக் கும்பிடுகிறவர், கயிற்றை மரத்தில் கட்டிவிட்டு வந்து குழியில் இறங்கினார். "எனக்கு உங்க கமிட்டியும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. நீ ஏறு சவுரி" என்று மம்முட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அப்புறம்தான் எங்கள் ஆண்களுக்கு ரோஷம் வந்தது. ஒவ்வொருத்தனாக வேட்டியை மடித்துக் கட்டினான். பார்க்கவே எனக்கு எரிந்தது. வெட்கப்பட்டு வருகிற உதவியை நாம் என்ன செய்வது, வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சாமியார் பொழுது சாய்கிற நேரத்துக்கு வந்து சேர்ந்தார். வெட்டின குழியைப் பார்த்தார், என் அண்ணன் கையைப் பார்த்தார். கொப்புளம் உடைந்து ரத்தம் கசிந்தது. மெர்லினைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ கேட்டார். பையிலிருந்து ஊதாத் துண்டை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு குழியை மந்திரிக்க வந்துவிட்டார். நல்லது. ஆனால் ஃபாதர் மணி என்று நான் கேட்டபோது, ஜனங்கள் ரெண்டு பக்கமாக நிற்கிறார்கள் அம்மா, இன்றைக்கு அடக்கம் நல்லபடியாக முடியட்டும், மணியைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். தூம்பாவும் வரவில்லை. சவப்பெட்டியை வெறும் கையிலேயே தூக்கிக்கொண்டு போனோம். மணி இல்லாமல், தெருநாய் குலைக்கிற சத்தத்தில் அவளைக் கொண்டுபோனோம்.

செபமாலை அவள் கையிலேயே இருந்தது. வளன் பக்கத்தில் இறக்கினோம். அவள் கேட்டது அது ஒன்று. அது கிடைத்தது.

சபைக்காரர்கள் வேனில் ஏறிக்கொண்டார்கள். ஸ்டீபன் கல்லறைச் சுவருக்கு வெளியே நின்றான். மண் தள்ளுகிற நேரத்தில் உள்ளே வந்து ஒரு பிடி அள்ளிப் போட்டான். என் பக்கத்தில் வந்து நின்று, "அத்தே, என்மேல கோவமா?" என்று கேட்டான்.

"ஆமாண்டா" என்றேன்.

வேறென்ன சொல்வது. இல்லை அப்பா என்று தலையைத் தடவிக்கொடுக்க அவன் அம்மாதான் லாயக்கு. அவளைத்தான் மண்ணுக்குள் வைத்தாயிற்றே.

முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் திண்டிவனத்திலிருந்து குட்டியானை வண்டியில் ஒரு கல் வந்தது. கறுப்புக் கிரானைட். குழிக்கு மேல் வைக்க ஸ்டீபன் செய்து அனுப்பியிருந்தான், அவனும் கூட வந்தான். அண்ணனுக்கு எழுத்து தெரியாது. மெர்லினைப் படிக்கச் சொன்னார். பெயர் இருந்தது, பிறந்த தேதி இருந்தது, செத்த தேதி இருந்தது. நடுவில் இன்னொரு தேதி இருந்தது. 'இரட்சிக்கப்பட்டது' என்று போட்டு, அந்த ஏரித்தண்ணீர் தேதி.

அவள் உயிரோடு இருந்தபோது தன் பிழைப்புக்காக அவளை முக்கினான். செத்த பிறகு கல்லில் வெட்டி இன்னொரு தடவை முக்கப் பார்த்தான். மெர்லின் அந்த வரியைப் படித்துவிட்டு அப்பனைப் பார்க்காமல் வெளியே போய்விட்டாள்.

அண்ணன் கல்லை ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். அந்த வரியை மட்டும் செதுக்கி எடுக்கச் சொன்னார். முடியாதுப்பா, கல்லு கெட்டுப்போயிடும் என்றான் ஸ்டீபன்.

"அந்தத் தேதியில அவ என்னைக் கேக்காம ஏரிக்குக் குளிக்கப் போனா. அவ்ளோதான். அதுக்குக் கல்லு எதுக்கு? எடுத்துக்கினு போ" என்றார்.

அவன் எடுத்துக்கொண்டு போகவில்லை. இறக்கின இடத்திலேயே விட்டுவிட்டு வண்டி ஏறிவிட்டான். அவ்வளவு கனத்தை என்ன செய்வது. நானும் ரோஸ்லினும் பச்சைமுத்துவும் சேர்ந்து நகர்த்தி, மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாத்தினோம், எழுத்துப் பக்கம் சுவரைப் பார்க்க. அந்தோணியார் படத்தை அவள் திருப்பி வைக்கிற மாதிரி. அவள் அவரை மழை வந்ததும் திருப்பிவிடுவாள். இந்தக் கல்லை நான் திருப்பமாட்டேன்.

குழிமேல் இப்போதைக்கு மரச்சிலுவைதான். ஞானமேரி என்று மெர்லின் வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறாள், வேறொன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இருதயராஜ் முதல் மணி அடிக்கிறான். நான் போகிறேன், கடைசி வரிசையில், அவள் உட்கார்ந்த இடத்தில் உட்காருகிறேன். பூசை முடிந்து வாசலில் சாமியாரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்கிறேன், ஃபாதர், எங்க அண்ணி மணி என்ன ஆச்சு என்று. போன வாரமும் கேட்டேன். இருதயராஜ் பக்கத்தில்தான் நின்றான், சாவியைக் கையில் வைத்துக்கொண்டு.